இடது கையில் ஆரம்பிச்ச ஆளு

போன மழைக்காலத்துல என் கடவாப்பல் ஒண்ணு விண்டு போச்சு. முறுக்கு, சீடை எல்லாம் இல்லைங்க, தயிர்சாதம் சாப்பிடும்போது. பல் டாக்டர் எட்டிப் பார்த்துட்டு, "தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களா சார்?"னு கேட்டார். நான் இல்லையேன்னு வாயெடுக்கறதுக்குள்ள, கூட வந்த தங்கமணி "மிக்ஸி ஓடற மாதிரி இருக்கும் டாக்டர்"னு போட்டுக் குடுத்துட்டாங்க. எல்லாம் முடிஞ்சு எழுந்து உட்கார்ந்து ஃபீஸ் எவ்ளோன்னு யோசிச்சிட்டு இருக்கேன், அவர் சிரிச்சுக்கிட்டே சொல்றார்: "ராத்திரி மட்டும் இல்ல. இப்பக்கூட தாடையை இறுக்கித்தான் வச்சிருக்கீங்க."

ஆமாம், இறுக்கித்தான் இருந்தது. சத்தியமா எனக்குத் தெரியல. என் தாடை, என் மூஞ்சியில இருக்கு, எனக்கே தெரியல!

இந்த 'தெரியல'தான் என்னைப் படிக்க வச்சது. படிக்கப் போன இடத்துல அகப்பட்டவர் எட்மண்ட் ஜேக்கப்ஸன். பேரு கேள்விப்படாதவங்ககூட அவரோட சரக்கைக் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. "கையை இறுக்குங்க... இப்போ தளர விடுங்க..."ன்னு ஆபீஸ் பயிற்சி வகுப்புல ஒருத்தர் மெல்லிசான குரல்ல சொல்வாரே, அதுக்கு மூலவர் இவர்தான்.

1888-ல சிகாகோவில் பிறந்தவர். பத்து வயசு இருக்கும்போது அந்த ஊர்ல ஒரு ஹோட்டல்ல தீ விபத்து, உயிர்ச்சேதம். பையன் மனசுல தங்கினது தீயை விட, அதுக்கப்புறம் பார்த்த பெரியவங்கதான். விபத்தைத் தாண்டி வந்தவங்க பதறிப் போய், நிலைகொள்ளாம திரிஞ்சதைப் பார்த்தவன், நாம இப்படி ஆகக்கூடாதுன்னு அப்பவே முடிவு பண்ணினதா பிற்காலத்துல அவரே சொல்லியிருக்கார். பத்து வயசுல நான் முடிவு பண்ணினது எல்லாம் கோலிக்குண்டு சம்பந்தப்பட்டது.

1908 வாக்குல ஹார்வர்டுல ஆராய்ச்சி மாணவர். எடுத்துக்கிட்ட விஷயம், திடீர்னு சத்தம் கேட்டா மனுஷன் ஏன் தூக்கிவாரிப் போடறான் என்பது. ஆளை உட்கார வச்சு, எதிர்பார்க்காத நேரத்துல டமால்னு ஒரு சத்தம். தசைகளை நல்லா தளர்த்தி வச்சிருக்கிறவங்க அவ்வளவா திடுக்கிடலைன்னு கவனிச்சார். நாம எல்லாரும் பயந்தா உடம்பு இறுகும்னு நினைக்கிறோம். இவர் கயித்தை மறுபக்கத்துலேர்ந்து பிடிச்சார்: உடம்பு இறுகி இல்லைன்னா அவ்வளவு பயம் எங்கேர்ந்து வரும்?

1910-ல முனைவர் பட்டம், அப்புறம் மருத்துவமும் படிச்சு டாக்டர் ஆகி, சிகாகோ பல்கலைக்கழகத்துல வேலை பார்த்து, 1929-ல 'ப்ரொக்ரெஸிவ் ரிலாக்ஸேஷன்'னு ஒரு தடிப் புத்தகம் போட்டார். படிப்படியா தளர்தல்னு வச்சுக்கலாம். 1934-ல பொதுஜனத்துக்காக ஒண்ணு: 'யூ மஸ்ட் ரிலாக்ஸ்'. "நீ தளர்ந்தே ஆகணும்!" தலைப்பே மிரட்டற மாதிரி இருக்கு இல்ல? பொருளாதாரப் பெருமந்தம் நடந்த காலம், வேலை போய் நடுத்தெருவுல நின்ன ஜனம் நிறைய. அந்த நேரத்துல இப்படி ஒரு தலைப்பு.

அவர் சொல்லிக்குடுத்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. படுத்துக்கணும். இடது கையை மணிக்கட்டுல பின்பக்கமா மடக்கணும், உள்ளங்கை எதிரே தெரியற மாதிரி. அப்போ முழங்கைக்குக் கீழே, மேல்பக்கத்துல லேசா ஒரு இழுப்பு தெரியும். மணிக்கட்டுல தெரியறது வேற, அதைக் கணக்குல எடுக்கக்கூடாது. இந்த மெல்லிசான இழுப்பைக் கண்டுபிடிக்கிறதுதான் பாடம். கண்டுபிடிச்சாச்சா, கையை விட்டுடு. மணிக்கட்டு தானா விழும். மூணு தடவை. மிச்ச நேரம் சும்மா கிட. ஒரு மணி நேரம் அவ்வளவுதான். மறுநாள்? அதே இடது கை! உடம்பு முழுக்க ஒரு சுத்து வர மாசக்கணக்குல ஆகும்.

இங்க ஒரு சூட்சுமம். இறுக்கறது உடற்பயிற்சிக்காக இல்லை, இறுக்கம்னா எப்படி இருக்கும்னு அடையாளம் தெரியறதுக்காக மட்டும். அடையாளம் தெரிஞ்சப்புறம் இறுக்கவே வேண்டாம். 'தளர முயற்சி பண்றேன்'னு ஒருத்தர் சொன்னா அதுவே தோல்விங்கறார். முயற்சியும் ஒரு இறுக்கம்தானே.

"இதைத்தான் சவாசனம்னு நம்மாளுங்க அப்பவே சொல்லிட்டாங்க"ன்னு யாராவது கிளம்பறதுக்குள்ள நானே சொல்லிடறேன். ஆமாம், 15-ஆம் நூற்றாண்டு ஹட யோக பிரதீபிகையில சவாசனம் இருக்கு, களைப்பைப் போக்கும், மனசை அமைதியாக்கும்னும் இருக்கு. ஆனா ஜேக்கப்ஸனுக்கு ஒரு வியாதி, எதையும் அளந்தாகணும். பெல் டெலிபோன் ஆய்வகத்துக்காரங்க உதவியோட தசையில ஓடற மின்சாரத்தை மைக்ரோவோல்ட் கணக்குல, அதாவது ஒரு வோல்ட்ல பத்து லட்சத்துல ஒரு பங்கு கணக்குல, அளந்தார். ஆள் அசையாம படுத்துக்கிட்டு பந்து எறியறதா கற்பனை பண்ணினா, கைத்தசையில மின்சாரம் காட்டுது! மனசுக்குள்ள எண்களைச் சொன்னா நாக்குலயும் உதட்டுலயும் காட்டுது.

இதோட நிறுத்தியிருக்கலாம். நாக்கையும் கண்ணையும் முழுசா தளர்த்திட்டா நினைப்பே நின்னுடும்ங்கற அளவுக்குப் போனார். யோசனைங்கறதே தசையோட சேர்ந்ததுதான்னு அந்தக் காலத்துல வேறு பலரும் நம்பினாங்க. 1947-ல அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துல ஸ்காட் ஸ்மித்னு ஒரு டாக்டர் பண்ணின காரியத்தைக் கேளுங்க. தென்னமெரிக்கப் பழங்குடிகள் அம்பு நுனியில தடவற குரேர் விஷம் இருக்கே, அதுலேர்ந்து எடுத்த மருந்தைத் தனக்கே ஏத்திக்கிட்டார். எல்லாத் தசையும் செத்த மாதிரி ஆச்சு, மூச்சுவிடற தசை உட்பட. பக்கத்துல இருந்தவங்க செயற்கையா மூச்சுக் குடுத்தாங்க. தெளிஞ்சு எழுந்தப்புறம், ரூம்ல யார் என்ன பேசினாங்கன்னு மனுஷன் ஒப்பிச்சார். தசை முழுக்க நின்னும் நினைப்பு நிக்கல. பெரிய கோட்டை அங்கேயே இடிஞ்சது. படுத்துக்கிட்டா மனசு அடங்குதுங்கற சின்ன வீடு மட்டும் இன்னும் நிக்குது.

இரண்டாம் உலகப்போர்ல அமெரிக்கக் கடற்படையோட விமானப் பயிற்சிப் பள்ளிகள்ல இதைச் சொல்லிக்குடுத்தாங்க. தூங்காத பைலட்டை வச்சுக்கிட்டு என்ன பண்றது? அப்புறம் தென்னாப்பிரிக்காவின் ஜோசப் வோல்ப் வந்தார். காரணமில்லாத பயங்களைப் போக்கற சிகிச்சைக்கு இதை எடுத்துக்கிட்டு, மாசக்கணக்கு பாடத்தை ஏழெட்டு வகுப்புக்குள்ள சுருக்கிட்டார். அவர் புத்தகம் வந்தது 1958-ல. இன்னிக்கு பத்து நிமிஷ ஒலிப்பதிவா கிடைக்கிறது இந்தச் சுருக்கத்தோட சுருக்கம். ஜேக்கப்ஸனுக்கு அவசரமே பிடிக்காது. 1983-ல காலமாகிற வரைக்கும் அவர் இடது கையிலேர்ந்துதான் ஆரம்பிச்சிருப்பார்னு நினைக்கிறேன்.

அவர் சொன்னதுல ரொம்பப் பேர் விட்டுட்ட விஷயம் ஒண்ணு உண்டு. படுக்கையில இல்லாம, வேலை பார்க்கும்போதே தளர்றது. எழுதறதுக்கு எந்தத் தசை வேணுமோ அது மட்டும் வேலை செய்யட்டும், நெத்தியும் தாடையும் தோளும் எதுக்கு கூட சேர்ந்து எழுதணும்?

இந்த இடத்துல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எங்கப்பா கூட்டுறவு வங்கியில கணக்கர். ராத்திரி கூடத்துல உட்கார்ந்து லெட்ஜர் போடுவார். பேனா ஓடறது வலது கையில. இடது கை மடியில, கட்டைவிரலை உள்ளே வச்சு மூடின முட்டி. ரெண்டு தோளும் காது வரைக்கும் ஏறி நிக்கும். "என்னப்பா பண்ணுது?"ன்னு அம்மாவோ நானோ கேட்டா, "ஒண்ணுமில்லடா". அது பொய் இல்லைன்னு இப்போதான் புரியுது. அவருக்கு நிஜமாவே தெரிஞ்சிருக்காது. 58 வயசுல, ரிடையர் ஆகி ரெண்டு மாசம்கூட ஆகல, மாரடைப்பு. தோளைத் தொங்கப் போட்டிருந்தா பிழைச்சிருப்பார்னு சொல்ல நான் ஒண்ணும் முட்டாள் இல்லை. பீடி வேற, சர்க்கரை வேற. இருந்தாலும் அந்த இடது முட்டி மட்டும் கண்ணுக்குள்ளேயே நிக்குது. எதைப் பிடிச்சுக்கிட்டு இருந்தார்?

எனக்கு பிரஷர் மாத்திரை உண்டு, அதை நிறுத்தல, நீங்களும் யாரோ பொட்டி தட்டறவன் சொன்னான்னு நிறுத்திடாதீங்க. நான் பண்றது இவ்வளவுதான். ஃபோன் அடிச்சா எடுக்கறதுக்கு முன்னாடி பல்லு ரெண்டும் ஒட்டியிருக்கான்னு பார்ப்பேன். பத்துல எட்டுத் தடவை ஒட்டித்தான் இருக்கு. சிக்னல்ல நிக்கும்போது வண்டி ஹேண்டில்பாரை எவ்வளவு அழுத்திப் பிடிச்சிருக்கேன்னு பார்ப்பேன், பாவம் அந்த வண்டி. பல் டாக்டர் ராத்திரிக்கு ஒரு பிளாஸ்டிக் கவசம் குடுத்திருக்கார், மிக்ஸி சத்தம் குறைஞ்சிருக்குன்னு தங்கமணி சான்றிதழ்.

அப்புறம் ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம், ஜேக்கப்ஸன் முறைப்படி, கூடத்துல பாய் விரிச்சு. அஞ்சு வாரம் ஆச்சு, அந்த மெல்லிசான இழுப்பு சில நாள் அகப்படுது, சில நாள் மணிக்கட்டுதான் வலிக்குது. போன வாரம் பையன் வந்து தலைமாட்டுல நின்னு, "அப்பா, தூங்கறியா?"ன்னான்.

"இல்லடா, இடது கை."

"இன்னுமா?"ன்னுட்டு கிரிக்கெட் மட்டையை எடுத்துக்கிட்டு ஓடிட்டான்.