கண்ணாடி மேல கண்ணாடி: வறண்ட கண்களின் கதை

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இன்னிக்கு எபிசோடை ஒரு மீட்டிங்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

போன மாசம் ஒரு வீடியோ கால். கிளையண்ட் லைன்ல இருக்காங்க. நான் என் பவர் கண்ணாடி மேல ஒரு பெரிய காகிள்ஸ் மாட்டிட்டு உட்கார்ந்திருக்கேன். ஓரம் முழுக்க ஃபோம், பின்னாடி எலாஸ்டிக் பட்டை. காலேஜ் கெமிஸ்ட்ரி லேப்ல போடுவோமே, கிட்டத்தட்ட அதே மாதிரி. கால் முடிஞ்சதும் மேனேஜர் தனியா மெசேஜ் அனுப்பினார்: "அடுத்த தடவை கேமராவை ஆஃப் பண்ணிக்கோயேன். பாக்க ஒரு மாதிரி இருக்கு." பக்கத்து சீட் நண்பன் இன்னும் நேரா கேட்டான்: "என்ன மச்சி, சாயங்காலம் வெல்டிங் பட்டறைல பார்ட் டைமா?"

நானும் சிரிச்சேன். ஆனா அதைக் கழற்றினா அந்த ஏசி காத்துல பத்து நிமிஷம்கூடத் தாங்காது. கண்ணுக்குள்ள மணல் அள்ளிப் போட்ட மாதிரி ஆயிடும். எனக்குக் கண் வறட்சி. டாக்டர் சொன்னது அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து, இந்த அசிங்கமான காகிள்ஸை முதல்ல யாரு கண்டுபிடிச்சாங்கன்னு தேட ஆரம்பிச்சேன். தேடின இடத்துல வேற ஒரு கதை கிடைச்சது. கண்ணுல ஈரத்தைப் பிடிச்சு வைக்கிற தொழில்நுட்பம் ஏறக்குறைய 150 வருஷமா நம்மகிட்ட இருக்கு. அதைவிட ரொம்ப நேரம் எடுத்தது, "என் கண்ணு காயுது"ன்னு ஒருத்தர் சொன்னா அதை நம்புறதுக்கு.

தலைமுடியைவிட மெல்லிய ஒரு படலம்

முதல்ல சிஸ்டத்தைப் புரிஞ்சுக்குவோம். நம்ம கருவிழி மேல எப்பவும் ஒரு கண்ணீர்ப் படலம் இருக்கு. தடிமன் சுமார் 3 மைக்ரான். ஒரு தலைமுடியை இருபது பங்கு போட்டா அதுல ஒரு பங்கு அளவு. அதுல பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீர் ஆவியாகாம இருக்க, மேல ஒரு எண்ணெய்ப் படலம். குழம்பு மேல எண்ணெய் மிதக்குமே, அப்படி.

அந்த எண்ணெய் இமை ஓரத்துல வரிசையா இருக்கிற சுரப்பிகள்ல இருந்து வருது. 1666ல் ஹைன்ரிக் மைபோம் என்ற ஜெர்மன் மருத்துவர் அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார். இன்னிக்கும் அவர் பெயரிலேயே மைபோமியன் சுரப்பிகள் என்று அழைக்கிறோம். ஒவ்வொரு தடவை இமைக்கும்போதும் கொஞ்சம் எண்ணெய் வெளியே வந்து படலம் புதுசாகுது.

ஆக, கண் வறட்சிக்கு ரெண்டு வழி. ஒண்ணு, தண்ணீரே குறைவா சுரக்கும். இன்னொண்ணு, சுரக்கிற தண்ணீர் சீக்கிரம் ஆவியாயிடும். ரெண்டும் சேர்ந்தும் வரலாம். காகிள்ஸ் புதுசா தண்ணீர் கொடுக்காது. இருக்கிறது காத்துல பறந்து போகாம பாத்துக்கும். அதுக்குத் தேவை, கண்ணைச் சுத்தி அசையாத, ஈரமான கொஞ்சம் காத்து. அவ்வளவுதான் ஐடியா.

ரயில், கடிகாரம்

இந்த ஐடியா கண் வறட்சிக்காகப் பிறக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் ரயில் வந்தது. காத்து, நிலக்கரிப் புகை, பறந்து வரும் கரித்தூள். இதற்காக ஐரோப்பாவில் ஒரு கண்ணாடி புழக்கத்துக்கு வந்தது. முன்னாடி ரெண்டு கண்ணாடி, பக்கவாட்டில் கீலில் மடியும் இன்னும் ரெண்டு. ரயில்வே கண்ணாடி என்றே பெயர். பக்கவாட்டுக் காத்தை அடைக்கணும் என்ற பாடம் இங்கேயே இருக்கு. பிறகு காரும் விமானமும் வந்தபோது, தோலும் ரப்பரும் சேர்ந்து அது முழு காகிள்ஸாக மாறியது.

மருத்துவத்தில் இதே ஐடியா வேற வழியாக வந்தது. 1870களில் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஃபிராங்க் புல்லர் என்று ஒரு கண் மருத்துவர். அவருடைய பிரச்சினை தொற்று. ஒரு கண்ணில் சீழ் பிடித்தால் அது மறு கண்ணுக்கும் பரவி ரெண்டும் போய்விடும். அதனால் நல்ல கண் மேல ஒரு கடிகாரக் கண்ணாடியை வைத்து, சுற்றிலும் பிளாஸ்திரி ஒட்டினார். நோயாளிக்குப் பார்வையும் தெரியும், சீழும் உள்ளே வராது.

அப்படி மூடின கண்ணு உள்ளே ஈரமாவே இருக்கும். முகவாதம் வந்து இமை மூடாதவர்களுக்கும் பிற்காலத்தில் இதே கவசத்தைப் பயன்படுத்தினார்கள். தொற்றைத் தடுக்கச் செய்த கருவி, ஈரம் காக்கும் கருவியாக மாறியது. நம்ம பாஷையில சொன்னா, ஒரு பக் ஃபிக்ஸுக்கு எழுதின கோடு இன்னொரு புராடக்டுக்கே அடிப்படை ஆயிடுச்சு.

19 பெண்கள்

சரி, கருவி இருக்கு. யாருக்குத் தேவைன்னு எப்படித் தெரியும்? கண் வலிச்சா சிவக்கும், சீழ் பிடிச்சா தெரியும். காயுதுன்னா வெளியே ஒண்ணுமே தெரியாது.

1903ல் ஓட்டோ ஷிர்மர் என்ற ஜெர்மன் மருத்துவர் இதை அளக்க ஒரு வழி சொன்னார். 5 மில்லிமீட்டர் அகல வடிகட்டித்தாள் துண்டைக் கீழ் இமைக்குள் மடித்து வைத்து, 5 நிமிஷம் கழித்து எவ்வளவு தூரம் நனைந்திருக்கு என்று பார்ப்பது. 10 மில்லிமீட்டருக்கு மேல போனா பொதுவா பரவாயில்லை, 5க்குக் கீழே என்றால் கவலைப்படணும். 120 வருஷம் ஆச்சு, இன்னும் அதே தாள்தான். எனக்கும் அதைத்தான் வைத்தார்கள். இடது கண்ணில் 4.

அடுத்து வருகிறவர்தான் இந்தக் கதையோட நாயகர். ஹென்ரிக் ஷோக்ரன், ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர். அவரிடம் வந்த சில பெண்களுக்குக் கண் வறட்சி, வாய் வறட்சி, கூடவே மூட்டு வலி. மூணும் தனித்தனி நோய் என்று நினைத்தால் மூணு டாக்டரிடம் போய், மூணு இடத்திலும் "ஒண்ணும் இல்லை" என்று கேட்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான். ஷோக்ரன் இது ஒரே நோய் என்று சந்தேகப்பட்டார். இப்படிப்பட்ட 19 பெண்களைச் சேர்த்துப் படித்தார். அதில் 13 பேருக்கு மூட்டு வாதம் இருந்தது. சேதமான செல்களைச் சிவப்பாகக் காட்டும் ரோஸ் பெங்கால் என்ற சாயத்தைக் கண்ணில் விட்டு, கண்ணுக்குத் தெரியாத பாதிப்பைத் தெரிய வைத்தார்.

1933ல் ஸ்டாக்ஹோமில் இதை முனைவர் பட்ட ஆய்வாக ஜெர்மன் மொழியில் சமர்ப்பித்தார். அதற்குக் கிடைத்த மதிப்பெண், பல்கலைக்கழக ஆசிரியர் பணிக்கான தகுதியை எட்டவில்லை. அவர் யோன்ஷோப்பிங் என்ற ஊருக்குப் போய் அங்கே கண் மருத்துவராகவே வேலையைத் தொடர்ந்தார். 1943ல் புரூஸ் ஹாமில்டன் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் அந்த ஆய்வை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. நம்ம உடம்பின் எதிர்ப்பு சக்தியே கண்ணீர், உமிழ்நீர் சுரப்பிகளைத் தாக்கும் அந்த நோய்க்கு இன்று ஷோக்ரன் சிண்ட்ரோம் என்று பெயர். பாதிக்கப்படுகிறவர்களில் மிகப் பெரும்பாலானோர் பெண்கள்.

இங்க கொஞ்சம் நிறுத்துறேன். இதைப் படிச்சப்போ எனக்கு எங்க அம்மா ஞாபகம்தான் வந்தது. அதை முடிவுல சொல்றேன்.

வேலூரில் இமைக்கக் கற்றுக்கொண்டவர்கள்

கண்ணீர் சரியாகச் சுரந்தாலும், இமை மூடவில்லை என்றால் கண் காய்ந்துவிடும். இதன் மிகக் கடுமையான வடிவத்தை நம்ம ஊர் பார்த்திருக்கு. தொழுநோய் முக நரம்பைத் தாக்கினால் இமை மூடாது. கருவிழியின் உணர்ச்சி நரம்பையும் தாக்கினால், கண் காய்வதே தெரியாது. தெரியாததால் இமைக்கவும் தோன்றாது. பலர் பார்வை இழந்தது இப்படித்தான்.

1940களின் இறுதியில் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த மார்கரெட் பிராண்ட், கண் மருத்துவப் பயிற்சி இல்லாமலே அந்தத் துறையில் வேலையைத் தொடங்கி, பின்னாளில் தொழுநோயாளிகளின் கண் பராமரிப்பில் பெரிய நிபுணர் ஆனார். இமை மூடாதவர்களுக்கு ஒரு அறுவை சிகிச்சை உண்டு. தாடையை அசைக்கும் தசையில் ஒரு பகுதியை எடுத்து இமையோடு இணைப்பார்கள். அதன் பிறகு பல்லைக் கடித்தால் கண் மூடும். நாம ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை யோசிக்காம செய்யறதை, அவர்கள் நினைவு வைத்து, பல்லைக் கடித்துச் செய்தார்கள். வெளியே போகும்போது காத்திலிருந்தும் தூசியிலிருந்தும் காக்க ஒரு கண்ணாடி.

மேனேஜர் மெசேஜ் பெரிய விஷயமில்லைன்னு எனக்குத் தோணின இடம் இதுதான்.

ஏசியும் ஸ்கிரீனும்

இப்ப நம்ம ஆபீஸுக்கு வருவோம். 1902ல் வில்லிஸ் கேரியர் நவீன ஏசியை வடிவமைத்தது மனிதர்களைக் குளிர்விக்க அல்ல. நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு அச்சகத்தில் காத்து ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கியது, வண்ணங்கள் சரியாகப் பொருந்தவில்லை. அந்த ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான் அந்த இயந்திரம். ஓ.எம்.ஆர்ல வெளியே புழுக்கம் ஆளைக் கொல்லும். உள்ளே, காகிதத்தைக் காப்பாத்த வந்த இயந்திரம் நம்ம கண்ணைக் காய வைக்கும்.

கூடவே ஸ்கிரீன். 1993ல் ஜப்பானியக் கண் மருத்துவர் கசுவோ த்சுபோதாவும் அவருடைய சக ஆய்வாளரும் 104 அலுவலக ஊழியர்களைக் கவனித்தார்கள். சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்குச் சராசரி 22 தடவை இமைத்தார்கள். புத்தகம் படிக்கும்போது 10. கம்ப்யூட்டர் முன்னால் 7. இன்னொன்றையும் கவனித்தார்கள். புத்தகத்தைக் குனிந்து படிக்கும்போது கண் பாதி மூடியிருக்கும். நேராக ஸ்கிரீனைப் பார்க்கும்போது காத்து படும் பரப்பு அதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சும்மா இருப்பதைவிட இமைப்பது மூணில் ஒரு பங்கு, புத்தகம் படிப்பதைவிடத் திறந்திருப்பது ரெண்டு மடங்கு. கணக்கு நீங்களே போட்டுக்கோங்க.

இதே த்சுபோதா 1989லேயே, சாதாரணக் கண்ணாடி போட்டாலே கண்ணைச் சுத்தி ஈரப்பதம் கூடுகிறது என்று அளந்து காட்டியிருந்தார். 1994ல் அந்தக் கண்ணாடிக்குப் பக்கவாட்டுத் தடுப்பும், ஈரம் தாங்கும் சின்னத் துண்டும் சேர்த்து நோயாளிகளிடம் சோதித்தார். ரயில்வே கண்ணாடியேதான், இப்ப கையில டேட்டாவோட.

பனி மூடும் பிரச்சினை

இதில் ஒரு டிரேட்-ஆஃப் இருக்கு. உள்ளே ஈரம் கூடினால் கண்ணாடியில் பனி படியும். காத்துத் துளை வைத்தால் பனி போகும், ஈரமும் போகும். இதை நாசாவே பட்டு அனுபவித்தது. 1966 ஜூனில் ஜெமினி 9ஏ விண்கலத்துக்கு வெளியே மிதந்த ஜீன் செர்னனின் ஹெல்மெட் கண்ணாடி மூச்சு ஈரத்தில் மூடிப்போய், கண் தெரியாமல் வேலையைப் பாதியில் விட்டு உள்ளே திரும்பினார். பிறகு போனவர்களின் கண்ணாடியில் பனி படியாத பூச்சு தடவி அனுப்பினார்கள்.

கண்ணாடி மேல காகிள்ஸ் போடுறவனுக்கு இந்தத் தொல்லை ரெண்டு மடங்கு. உள்ளே ரெண்டு பரப்பு, ரெண்டுலயும் பனி. அதோட பவர் கண்ணாடியின் கம்பி ஃபோமைத் தாண்டி காதுக்குப் போகணும். அந்த இடுக்கு வழியா காத்து நேரா உள்ளே வரும். சில காகிள்ஸ்ல கம்பிக்குன்னு ஒரு பள்ளம் வெட்டியிருப்பாங்க. வாங்கும்போது முதல்ல அதைப் பாருங்க. அப்புறம், கண்ணு தொடர்ந்து உறுத்தினா காகிள்ஸ் வாங்கறதுக்கு முன்னாடி டாக்டரைப் பாருங்க. இது வரலாற்று பாட்காஸ்ட், மருத்துவ ஆலோசனை இல்லை.

அம்மா

எங்க அம்மா நாலஞ்சு வருஷமா சொல்லிட்டே இருந்தாங்க. "கண்ணுல மண்ணு விழுந்த மாதிரியே இருக்குடா." நான் சொன்ன பதில்: "ஃபோன் பாக்குறத குறைம்மா." முட்டி வலின்னாங்க. "வயசாச்சுல்ல" என்றேன். ராத்திரி ரெண்டு மூணு தடவை எழுந்து தண்ணீர் குடிப்பாங்க. வெயில் காலம்னு நினைச்சேன். மூணும் தனித்தனி டிக்கெட்டா வந்தது. மூணையும் நானே படிக்காம குளோஸ் பண்ணேன்.

ஷோக்ரனோட அந்த 19 பெண்களைப் பத்திப் படிச்ச அடுத்த சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். அதே தாள் துண்டு, அதே 5 நிமிஷம். என் இடது கண்ணுல 4. அம்மாவுக்கு 2.

"இத்தனை நாள் எப்படிம்மா சமாளிச்சீங்க?"ன்னு டாக்டர் கேட்டாங்க. அம்மா என்னைத்தான் பாத்தாங்க. ஒண்ணும் சொல்லல.

ரத்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரல. ஷோக்ரனா, வெறும் வறட்சியான்னு இப்போ தெரியாது. இப்போதைக்குச் சொட்டு மருந்து இருக்கு. அப்புறம் அந்த காகிள்ஸ். ராத்திரி ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து, தன் கண்ணாடி மேல அதை மாட்டிட்டு சீரியல் பாக்குறாங்க. பக்கத்து வீட்டு அக்கா வந்து, "என்னக்கா, பைக் ரேஸுக்குக் கிளம்பிட்டீங்களா?"ன்னு கேட்டாங்க. அம்மா திரும்பக்கூட இல்லை. "உட்காரு, விளம்பரம் வரட்டும், சொல்றேன்"னாங்க.

நான் எனக்கு இன்னொண்ணு ஆர்டர் பண்ணிட்டேன். இந்த வாரம் கிளையண்ட் கால்ல கேமரா ஆன்லதான் இருந்தது.

உங்க வீட்ல யாராவது ரொம்ப நாளா ஒரே விஷயத்தைச் சொல்லிட்டே இருக்காங்களா? இன்னிக்கு ஒரு தடவை முழுசா கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம். அதுவரைக்கும் நல்லா இமைங்க.