நிறும நொடிப்பு மறுசீரமைப்பு

நிறும நொடிப்பு மறுசீரமைப்பு என்பது, கடனை உரிய காலத்தில் செலுத்த இயலாத நிறுமம் ஒன்றைக் கலைத்துச் சொத்துகளை விற்பதற்குப் பதிலாக, கடன்களைக் குறைத்தோ தவணையை நீட்டித்தோ உரிமையாளரை மாற்றியோ அதன் தொழில் தொடர்ந்து நடைபெறச் சட்டம் வழிசெய்யும் முறையாகும். கடனளித்தவர் அனைவரும் இணங்க வேண்டுமெனில், ஒருவரின் மறுப்பே முழுத் திட்டத்தையும் முடக்கிவிடும். எனவே பெரும்பான்மையினரின் முடிவு சிறுபான்மையினரையும் கட்டுப்படுத்துமாறு சட்டங்கள் அமைக்கப்படுகின்றன. அவ்வாறு கட்டுப்படுத்தப்படுபவருக்கு என்ன பாதுகாப்பு என்பதிலேயே நாடுகள் வேறுபடுகின்றன.

அமெரிக்கா

1978 ஆம் ஆண்டின் திவால் சட்டத் தொகுப்பிலுள்ள 11 ஆம் அத்தியாயம் பிற நாடுகளுக்கு முன்மாதிரியாக விளங்குகிறது. இதன்கீழ் பழைய நிர்வாகமே பொதுவாகத் தொடரும். கடனளித்தவர்கள் வகுப்புகளாகப் பிரிந்து வாக்களிப்பர். ஒரு வகுப்பு எதிர்த்தாலும் நீதிமன்றம் திட்டத்தை ஏற்கலாம். ஆயினும், எதிர்க்கும் வகுப்புக்கு முழுத்தொகை கிடைக்காதவரை அதற்குக் கீழுள்ளோர் எதையும் பெற இயலாது. 2024 சூன் 27 அன்று, பர்டியூ பார்மா வழக்கில், திவால் மனு செய்யாத உரிமையாளர் குடும்பத்தைப் பாதிக்கப்பட்டோரின் இசைவின்றி வழக்குகளிலிருந்து விடுவிக்க இத்தொகுப்பு இடமளிக்கவில்லை என உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.

ஐரோப்பா

ஐக்கிய இராச்சியத்தில் 2020 சூனில் நடைமுறைக்கு வந்த சட்டம், எதிர்க்கும் வகுப்பையும் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்கு அளித்தது. மாற்று வழியில் கிடைப்பதைவிட அவ்வகுப்பின் நிலை மோசமாகக் கூடாது என்பது நிபந்தனை. இது மட்டும் போதாது. மறுசீரமைப்பால் விளையும் ஆதாயம் நியாயமாகப் பகிரப்பட்டுள்ளதா என்பதையும் ஆராய வேண்டும் என்று 2024 இல் அட்லர் வழக்கிலும் 2025 இல் பெட்ரோபாக் வழக்கிலும் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 ஆம் ஆண்டு நெறியுரையைப் பின்பற்றி, நெதர்லாந்து, செருமனி ஆகிய நாடுகளின் புதிய சட்டங்கள் 2021 சனவரி 1 முதல் செயற்படுகின்றன. சரக்கும் சேவையும் வழங்கிய சிறு நிறுவனங்களுக்கு, வலுவான காரணம் இருந்தாலன்றி, குறைந்தது 20 விழுக்காடு கிடைக்க வேண்டும் என்ற நெதர்லாந்தின் விதி குறிப்பிடத்தக்கது.

இந்தியா

2016 ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத் தொகுப்பு வேறு பாதையில் செல்கிறது. இங்கு நிர்வாகம் தீர்வு வல்லுநரிடம் ஒப்படைக்கப்படுகிறது. கடனைச் செலுத்தத் தவறிய பழைய உரிமையாளர் ஏலத்தில் மீண்டும் நுழைவதை 29அ பிரிவு பெரும்பாலும் தடுக்கிறது. திட்டத்தை முடிவு செய்வது கடனளித்தோர் குழு; அதில் வங்கிகள் முதலான நிதிக் கடனளித்தோருக்கே வாக்குரிமை உண்டு. தொடக்கத்தில் 75 விழுக்காடாக இருந்த தேவையான வாக்கு 2018 இல் 66 ஆகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டில், வீடு வாங்க முன்பணம் செலுத்தியோரும் நிதிக் கடனளித்தோராக ஏற்கப்பட்டனர்.

மூலப்பொருள் வழங்கியோரும் ஒப்பந்தக்காரர்களும் செயற்பாட்டுக் கடனளித்தோர் எனப்படுவர். இவர்களுக்குப் பொதுவாக வாக்கில்லை. கலைப்பின்போது கிடைத்திருக்கக்கூடிய தொகையே இவர்களுக்கான அடிப்படைப் பாதுகாப்பு. பல வேளைகளில் அது சுழியத்துக்கு அருகிலேயே இருக்கும். எஸ்ஸார் ஸ்டீல் வழக்கில் இரு தரப்பினருக்கும் ஏறத்தாழ 60 விழுக்காடு வீதம் பகிருமாறு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2019 சூலையில் ஆணையிட்டது. அவ்வாண்டு நவம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் இதனை நீக்கி, பகிர்வு குழுவின் வணிக அறிவுக்கு உட்பட்டது என்றது.

கால வரம்பு மற்றொரு சிக்கல். வழக்குக் காலத்தையும் சேர்த்து 330 நாட்கள் என 2019 இல் வரையறுக்கப்பட்டபோதிலும், விதிவிலக்கான நிலைகளில் அது நீளலாம் என அதே தீர்ப்பு இடமளித்தது. பூசன் பவர் அண்ட் ஸ்டீல் நிறுமத்துக்கான ஜேஎஸ்டபிள்யூ ஸ்டீலின் திட்டம் 2019 இல் தீர்ப்பாயத்தின் ஒப்புதல் பெற்று, 2021 இல் நிறைவேறியது. 2025 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் அதனை நிராகரித்து நிறுமத்தைக் கலைக்க ஆணையிட்டது. சூலை 31 அன்று அத்தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டது. மறு விசாரணைக்குப் பின், செப்டம்பர் 26 அன்று திட்டம் செல்லும் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது.