படகுக்கும் ஒரு குடியுரிமைப் பத்திரம்

2018 மே மாதம் பிரான்சுக்குப் போயிருந்தேன், ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. அண்ணனுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. படகை விற்றாக வேண்டும். "நீ வந்தால்தான் ஆகும்" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். புதுச்சேரி அரசில் எழுத்தராகவே காலம் தள்ளி ஓய்வுபெற்ற எனக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "நோட்டுப் புத்தகம் இருக்குடா, வந்து பார்" என்றார்.

அண்ணன் இருப்பது அட்லாண்டிக் கரையில், வாந்தே மாவட்டத்தில், சேன் ழீல் குருவா தெ வீ என்ற சிறு ஊர். மத்தி மீனுக்குப் பேர்போன துறைமுகம். ஆற்றின் இரு கரையிலும் இரண்டு ஊர்களாக இருந்ததை 1967-இல் ஒன்றாக இணைத்துவிட்டார்கள். ஆற்றுக்குப் பெயர் 'வீ'. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு 'வாழ்க்கை' என்றும் பொருள் உண்டு. அண்ணன் சொல்தாவாக இருந்து ஓய்வுபெற்ற பிறகு அண்ணியின் ஊரிலேயே தங்கிவிட்டார்.

படகு 1985-இல் கட்டியது. ஏழரை மீட்டர் நீளம், கண்ணாடியிழை உடல், நடுவில் சின்ன அறை, உள்ளே இரண்டு படுக்கை, ஒரு காஸ் அடுப்பு, அடியில் டீசல் இன்ஜின். இதைக் கட்டிய பெனெத்தோ கம்பெனியே அந்த ஊரில் 1884-இல் மீனவர்களுக்குப் பாய்மரப் படகு கட்டித் தொடங்கியதுதான். 1960-களின் நடுவில், மரப்படகுக்கு வேலை குறைந்தபோது, கண்ணாடியிழையில் குடும்பங்களுக்கான சிறு படகுகளைக் கட்ட ஆரம்பித்தார்கள். அந்த வகைக்கு 'பேஷ் ப்ரொம்னாத்' என்று பெயர். மீனும் பிடிக்கலாம், உலாவும் போகலாம் என்று அர்த்தம். நம் கரையில் இப்படி ஒரு படகை யாரும் நினைத்தும் பார்த்திருக்க மாட்டார்கள். வம்பாக்கீரப்பாளையத்தில் கட்டுமரம் தள்ளுகிறவரிடம் "ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்காகக் கடலுக்குப் போவோம்" என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். கடல் என்றால் பிழைப்பு.

அண்ணன் இதை 1991-இல் வாங்கினார். அன்று முதல் செய்த ஒவ்வொரு வேலையையும் பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். மூன்று நோட்டு. மூன்றும் தமிழில்.

அதுதான் சிக்கல். பழைய படகு வாங்க வருகிறவர் முதலில் கேட்பது இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது, எண்ணெய் எப்போது மாற்றியது என்பதைத்தான். வெறும் வாய்ப்பேச்சை யாரும் நம்புவதில்லை. நாந்த் நகரிலிருந்து இரண்டு பேர் வந்து, நோட்டைப் புரட்டி, ஒன்றும் புரியாமல், விலையில் பாதியைக் கேட்டுவிட்டுப் போனார்களாம். நான் கோலேழில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அண்ணன் பேசுவதெல்லாம் பட்டாளத்துப் பிரெஞ்சு. எழுத்துக்கு நான்தான்.

சமையலறை மேசையில் உட்கார்ந்து பதினோரு நாள் மொழிபெயர்த்தேன். "பாசி மருந்து இரண்டு கோட்டு" என்றால் அடிப்பாகத்துக்கு வருஷா வருஷம் அடிக்கும் பூச்சு. "துத்தநாகம் பாதி கரைந்தது, புதுசு" என்றால் விசிறியையும் தண்டையும் உப்பு அரிக்காமல் இருக்க அவற்றுக்குப் பதிலாகக் கரைந்து போகும் கட்டி. "தண்ணி பம்ப் ரப்பர் மாற்றம்" இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை தவறாமல் வருகிறது. ஓரத்தில் மீன் கணக்கு. அங்கே கிடைக்கும் 'பார்' மீனை அண்ணன் எல்லா இடத்திலும் கொடுவா என்றே எழுதியிருந்தார். இரண்டும் வேறு மீன். "ருசிக்கு அதுதான் கிட்ட" என்றார். நான் பிரெஞ்சில் 'பார்' என்று திருத்திவிட்டேன்.

பிறகு படகின் காகிதங்களைக் கேட்டேன். ஒரு பச்சை அட்டைக் கோப்பைக் கொண்டுவந்தார். உள்ளே துவான், அதாவது சுங்க இலாகா, கொடுத்த புத்தகம்: 'ஆக்த் தெ பிரான்சிசாசியோன்'. தமிழில் சொன்னால் 'பிரெஞ்சாக்கிய பத்திரம்'. பிரான்சிலேயே கட்டிய படகை எதற்குப் பிரெஞ்சாக்க வேண்டும் என்று எனக்கு வியப்பு. கட்டினால் மட்டும் போதாது என்றார் அண்ணன். ஏழு மீட்டரும் அதற்கு மேலும் உள்ள படகு பிரெஞ்சுக் கொடி கட்ட வேண்டுமானால் அதை எழுதி வாங்க வேண்டும். அதற்கு ஆண்டு வரி உண்டு. படகுக்கு வயது ஏற ஏற வரியில் தள்ளுபடியும் உண்டு. நம் பென்ஷனுக்கு நேர்மாறு.

இந்தச் சட்டத்தின் வேர் புரட்சிக் காலத்தில் இருக்கிறது. ஆங்கிலக் கப்பல்கள் பிரெஞ்சு வாணிபத்தைச் சுமந்து லாபம் பார்ப்பதைத் தடுக்க, பரேர் முன்மொழிய, புரட்சி மன்றம் 1793 செப்டம்பர் 21 அன்று கப்பல் போக்குவரத்துச் சட்டத்தை நிறைவேற்றியது. ஒரு கப்பல் பிரெஞ்சுக் கப்பலாக இருக்க வேண்டுமானால் பிரான்சிலோ அதன் காலனிகளிலோ கட்டியிருக்க வேண்டும், அல்லது போரில் பிடித்திருக்க வேண்டும். அதிகாரிகளும் மாலுமிகளில் முக்கால்வாசிப் பேரும் பிரெஞ்சுக்காரர்களாக இருக்க வேண்டும். நடைமுறை விதிகள் அக்டோபர் 18 அன்று வந்தன. காலனி என்று சட்டத்தில் எழுதினார்களே தவிர, புதுச்சேரி அப்போது அவர்கள் கையில் இல்லை. ஒரு மாதம் முன்பு, ஆகஸ்டில்தான், ஆங்கிலேயர் முற்றுகையிட்டுப் பிடித்திருந்தார்கள்.

தேதிப் பொருத்தம் பார்ப்பது எழுத்தர் புத்தி. அதே செப்டம்பர் 21-ஆம் தேதிதான், 1881-இல், பிரெஞ்சிந்தியர்கள் தங்கள் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம் என்ற ஆணை பிறந்தது. அதே அக்டோபர் 18-ஆம் தேதிதான், 1954-இல், கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தார்கள்.

கோப்பின் கடைசியில், படகுப் பத்திரத்துக்குக் கீழே, மஞ்சளாகிப்போன ஒரு தாள் இருந்தது. அண்ணன் 'ஒப்தே' பண்ணின தாள்.

இளைய வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒப்படைப்பு ஒப்பந்தம் 1956-இல் கையெழுத்தானாலும் 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் அன்று முதல் இந்தியக் குடிமக்கள். பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சும்மா இருந்தால் இந்தியர், பிரெஞ்சுக்குத்தான் கையெழுத்து. திருமணமாகாத, பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் தகப்பனார் முடிவே முடிவு. எனக்கு அப்போது பதினைந்து. அப்பா எழுதிக் கொடுக்கவில்லை, நான் இந்தியன். அண்ணனுக்கு இருபத்திரண்டு, அப்பாவிடம் சொல்லாமல் போய்க் கையெழுத்துப் போட்டார். கப்பல் ஏறும் வரை அப்பா அவரோடு பேசவில்லை. அம்மாதான் இரண்டு பேருக்கும் நடுவில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தத் தாளை நான் முதன்முறையாக அன்றுதான் பார்த்தேன். படித்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தேன். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. "பிரெஞ்சில் இருக்கணும்னு கையெழுத்துப் போட்டது நீங்க. நோட்டைத் தமிழில் எழுதியிருக்கீங்க. அதை நான் உட்கார்ந்து பிரெஞ்சில் எழுதுறேன்" என்றேன். "அதான் உன்னைக் கூப்பிட்டேன்" என்றார்.

மூன்றாவதாக வந்தவர்கள் ஓர் இளம் தம்பதி. கூடவே ஒரு நிபுணர். படகைக் கரையேற்றி, அடிப்பாகம் முழுக்கச் சின்னச் சுத்தியலால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். ஈரமானியை ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்த்தார். கண்ணாடியிழைக்குள் நீர் புகுந்தால் கொப்புளம் கட்டும். இந்த வகைப் படகுக்கு அதுதான் பெரிய நோய். இரண்டு இடத்தில் லேசான ஈரம், கொப்புளம் இல்லை. ஐரோப்பிய சான்று முத்திரை இல்லையே என்று அந்தப் பெண் கேட்டாள். அது 1998-க்குப் பிறகு வந்த கட்டாயம், பழைய படகுக்குத் தேவையில்லை என்று அவரே விளக்கினார். பிறகு என் நாற்பது பக்கத்தை எடுத்துவைத்துக்கொண்டு இன்ஜின் அறைக்குள் இறங்கி ஒரு மணி நேரம் ஒப்பிட்டார். மேலே வந்து, "இதை எழுதியவர் யார்?" என்றார். அண்ணன் தன் நெஞ்சைத் தொட்டுவிட்டு என்னையும் காட்டினார்.

14,000 யூரோ சொன்னோம். 12,500-க்கு முடிந்தது. விற்பனைப் பத்திரம் இரண்டு பிரதி. நான் எழுத, அண்ணன் கையெழுத்துப் போட்டார். பேனாவைக் கீழே வைக்கவே அவருக்கு மனமில்லை.

ஒரு விஷயம் மட்டும் விலை பேசும்போது யாரும் எடுக்கவில்லை. படகின் பின்புறத்தில் எங்கள் அம்மாவின் பெயர்: அஞ்சலை. புதுச்சேரிப் பிறப்புப் பதிவேட்டில் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் எப்படி இருந்ததோ அப்படியே, கையால் தீட்டியது. பெயரை மாற்றுவது வாங்குபவர் உரிமை. கேட்கலாமா என்று அண்ணி என்னைப் பார்த்தார். அண்ணன் தலையை ஆட்டி வேண்டாம் என்றார்.

'பிரெஞ்சாக்குதல்' என்ற சொல்லே 2022 சனவரி முதல் இந்தப் படகுகளின் காகிதங்களிலிருந்து போய்விட்டது. சுங்க இலாகாவிடமிருந்து வேலை கடல் விவகார நிர்வாகத்துக்கு மாறி, இப்போது வெறும் பதிவுச் சான்றிதழ்தான். தொலைபேசியில் சொன்னபோது அண்ணன், "நம்ம படகுக்கு என்ன பேர் போட்டிருக்காங்களாம்?" என்று மட்டும் கேட்டார். அண்ணியின் தங்கை மகன் துறைமுகத்துக்குப் போய்ப் படம் எடுத்து அனுப்பினான். வெள்ளைச் சாயம் புதிதாக அடித்திருக்கிறார்கள். அம்மாவின் பெயரைச் சுற்றி மட்டும் நாடா ஒட்டி விட்டுவிட்டு அடித்திருந்தது, பழைய வெள்ளையிலிருந்து தெரிந்தது.