ஒரு ராத்திரிக் கல்யாணம்

சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டைக்கு பஸ் ஏறினால், கள்ளக்குறிச்சி தாண்டி எலவனாசூர்கோட்டை வரும். மற்ற நாட்களில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டே கடந்துவிடலாம். சித்திரைப் பௌர்ணமி நெருங்கினால் கதையே வேறு! பட்டுப்புடவை, தலைகொள்ளாத மல்லிகை, கை நிறைய வளையல் என்று பஸ்ஸுக்குள் ஒரு கல்யாண வீடே ஏறி உட்கார்ந்திருக்கும். திருநங்கைகள். போகிற இடம், அதே உளுந்தூர்பேட்டை வட்டாரத்தில் இருக்கும் கூவாகம். மாப்பிள்ளை, கூத்தாண்டவர் என்கிற அரவான்.

யார் இந்த அரவான்? அர்ச்சுனனுக்கும் நாக கன்னி உலூபிக்கும் பிறந்தவன். வடமொழி பாரதத்தில் இவனுக்குப் பெரிய இடமில்லை. எட்டாம் நாள் போரில் ஓர் அரக்கன் கையால் சாகிறான். அவ்வளவுதான். நம்ம ஊர் கதை அப்படி விட்டுவிடவில்லை. பாண்டவர் ஜெயிக்க, 32 லட்சணமும் பொருந்திய அரவானைக் களப்பலி கொடுத்தது. அந்தக் களப்பலி, 9-ம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே இருக்கிறது.

சாகப்போகிறவனுக்கு ஓர் ஆசை, கல்யாணம். விடிந்தால் விதவையாகப் போகிற வாழ்க்கைக்கு எந்தப் பெண் சம்மதிப்பாள்? கிருஷ்ணனே மோகினியாகி மாலையிட்டான் என்கிறது தெருக்கூத்து வழி வந்த கதை. ‘அந்த மோகினி நாங்கள்தான்’ என்கிறார்கள் திருநங்கைகள்.

விழா 18 நாள். சாகை வார்த்தலில் ஆரம்பம். கடைசி நாட்களில் விழுப்புரம் லாட்ஜுகள் நிரம்பி வழியும். ‘மிஸ் கூவாகம்’ அழகிப் போட்டி, நடனம், எய்ட்ஸ் விழிப்பு உணர்வு முகாம் என்று ஊரே களைகட்டும். பௌர்ணமி ராத்திரி, கோயிலில் பூசாரி கையால் தாலி. இன்னொன்று கவனியுங்கள்... வேண்டுதலுக்காக உள்ளூர் ஆண்களும் அதே சந்நிதியில் தாலி கட்டிக்கொள்கிறார்கள். அதாவது, இது யாருக்கோ ஒதுக்கிவிட்ட மூலை அல்ல. ஊரின் சொந்தத் திருவிழா.

மறுநாள் தேர். பந்தலடி போனதும் ஒப்பாரி. தாலி அறுபடும், வளையல் உடையும். குளித்து வெள்ளைப் புடவை கட்டிக்கொள்வார்கள். அந்த அழுகை அரவானுக்காக மட்டும்தானா?

வெள்ளைக்கார அரசு 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. அதில் இவர்களைப் போன்றவர்களுக்கென்றே ஒரு பகுதி! பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். பதிவானவர் பெண் உடையில் தெருவுக்கு வந்தால் 2 ஆண்டு வரை சிறை. வட மாகாணங்களில்தான் அது மும்முரமாக அமலானது. சர்க்கார் குற்றம் என்று எழுதி வைத்ததை, கூவாகம் கல்யாணம் என்று கொண்டாடியது.

சட்டம் திருந்த வெகு நாளாயிற்று. 2008-ல் தமிழக அரசு திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது. 2014 ஏப்ரல் 15-ல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது. படிப்பறிவில்லாத கிராமத்துச் சாமி அதற்கெல்லாம் முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆனால், வருஷத்துக்கு ஒரு ராத்திரிக்குத்தான்! மிச்சமுள்ள 364 நாள் நம்ம பொறுப்பு.

திருவிழா முடிந்து அதே பஸ் திரும்பி வரும். பூ இல்லை, வளையல் இல்லை. உங்கள் பக்கத்து சீட்டில் அவர் வந்து உட்கார்ந்தால், தயவுசெய்து எழுந்து போய்விடாதீர்கள்.