புதுச் செயின் மாட்டிய பிறகும் கியர் நழுவுகிறதா?

மலைச் சைக்கிளுக்குப் புதுச் செயின் மாட்டியாகிவிட்டது. மறுநாள் மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது 'டக்' என்று கியர் நழுவுகிறது. கால் வழுக்கி, நெஞ்சு ஹேண்டலில் மோதுகிறது. பின்னால் லாரி வரும் சாலையாக இருந்தால் ஆபத்துதான். பழைய செயினில் இல்லாத கோளாறு புதியதில் வந்தால் பலரும் செயினையோ கடைக்காரரையோ குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் காரணம் பின்சக்கரத்தில் அடுக்காக இருக்கும் பல்சக்கரங்கள், அதாவது பழைய கேசட்.

செயினில் ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடைவெளி 12.7 மில்லிமீட்டர், அரை அங்குலம். தோட்டத்துச் செம்மண்ணும் மழைச் சேறும் மூட்டுகளைத் தேய்க்கத் தேய்க்க அந்த இடைவெளி கூடுகிறது. செயின் 'நீண்டுவிட்டது' என்கிறோமே, இரும்பு நீள்வதில்லை, ஆணிகள்தாம் தேய்கின்றன. அதற்கேற்ப கேசட்டின் பற்களும் தேய்ந்து, இரண்டும் ஒன்றுக்கொன்று பழகிவிடுகின்றன. சரியான அளவுள்ள புதுச் செயின் தேய்ந்த பல்லில் உட்காராமல் மேலேறித் தாவுகிறது.

நீங்கள் அதிகம் பயன்படுத்தும் இரண்டு மூன்று பல்சக்கரங்களில், அதுவும் அழுத்தி மிதிக்கும்போது மட்டும் தாவினால் தேய்மானம் என்று வைத்துக்கொள்ளலாம். சைக்கிளைத் தூக்கி வைத்துக் கையால் சுற்றினால் எல்லாம் சரியாகவே தெரியும். அதனால்தான் கடையில் பிடிபடுவதில்லை. "ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்" என்பார்கள். சில சமயம் சரியாகவும் செய்யும், ஆனால் புதுச் செயினும் சீக்கிரமே தேய்ந்துபோய்விட்டது என்றுதான் அதற்கு அர்த்தம். கேசட்டை மாற்றுவதே வழி. முன்பக்கப் பல்சக்கரத்தின் பற்கள் சுறாவின் துடுப்புபோல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

மெதுவாக மிதிக்கும்போதே பல கியர்களில் 'கடகட' என்று சத்தம் வந்து, செயின் தானாக இடம் மாறப் பார்த்தால் அது வேறு கதை. புதுக் கேபிள் முதல் சில நாள்களில் சற்றுத் தளரும். பின் டெரெய்லருக்குள் கேபிள் நுழையும் இடத்தில் கையால் திருகக்கூடிய சிறு குமிழ் இருக்கும் (சில சைக்கிள்களில் அது ஹேண்டலில் உள்ள கியர் மாற்றியில் இருக்கும்). செயின் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால், பின்னாலிருந்து பார்த்தபடி அதைக் கடிகார முள்ளுக்கு எதிராகக் கால் சுற்று திருப்பிச் சோதியுங்கள். சிறியதற்கு இறங்கத் தயங்கினால் மறுபக்கம். எவ்வளவு திருகியும் சில கியர்கள் சரியாகி மற்றவை கெட்டால், டெரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்திருக்கலாம். சைக்கிள் ஒருமுறை வலப்பக்கம் விழுந்தாலே போதும்.

வாங்கிய செயினின் எண்ணையும் பாருங்கள். 10 கியர் கேசட்டுக்கு 9 கியர் செயின் பொருந்தாது. கேசட்டைப் பிடித்து ஆட்டினால் ஆடுகிறதா? பூட்டு வளையம் சரியாக முறுக்கப்படவில்லை. தாவல் ஒரே சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் ஒரு கண்ணி இறுகியிருக்கிறது, பெரும்பாலும் புதிதாக இணைத்த கண்ணிதான். இரு கைகளாலும் பக்கவாட்டில் மெல்ல வளைத்தால் இளகும்.

செயின் பல்லைவிட்டு நகராமலே மிதி மட்டும் வெறுமனே முன்னே சுற்றினால், பின்சக்கர அச்சுக்குள் இருக்கும் கொக்கிகள் பிடிக்கவில்லை. அந்தச் சைக்கிளை ஓட்டாதீர்கள், கடைக்குத் தள்ளிக்கொண்டு போங்கள்.

கேசட்டின் விலை செயினைவிடப் பல மடங்கு ஆகலாம். அந்தச் செலவைத் தள்ளிப்போட பிள்ளைகளின் பள்ளி அளவுகோலே போதும். செயினை இழுத்துப் பிடித்து, ஓர் ஆணியின் நடுவில் அளவுகோலின் பூஜ்யத்தை வைத்து, அதற்கடுத்த ஆணியை ஒன்று என எண்ணி 20-வது ஆணியின் நடுவரை அளவிடுங்கள். புதுச் செயினில் 254 மில்லிமீட்டர் இருக்கும். 10 கியர் வரையிலான சைக்கிளில் 256-ஐ எட்டினால், 11 அல்லது 12 கியரில் 255-ஐத் தாண்டினால், செயினை உடனே மாற்றிவிடுங்கள்.