சுரங்கத் தொழிலாளர் நிதியும் அதன் காவலரும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தொழிற்சங்க வரலாற்றை எழுதப் புகுவோர் ஜோன் எல். லூயிஸ் என்பாரை விலக்கி எழுதுதல் இயலாது. 1920 முதல் 1960 வரை ஐக்கிய சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் தலைவராய் வீற்றிருந்தவர். சனாதிபதிகளுக்கும் அஞ்சாது வேலை நிறுத்தம் நடாத்தியவர். அவர் 1969 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மறைந்தார். ஈராண்டு கழியுமுன்னரே, அவர் கட்டியெழுப்பிய சங்கம் தன் உறுப்பினரின் பணத்தை அவர்க்குக் கேடாகக் கையாண்டதென நீதிமன்றந் தீர்ப்பளித்தது. இஃது எவ்வாறு நேர்ந்தது?

1946 ஆம் ஆண்டு வேலை நிறுத்தத்தின்போது அரசாங்கம் நிலக்கரிச் சுரங்கங்களைத் தன்வயப்படுத்தியது. அப்பொழுது செய்த உடன்படிக்கையால், வெட்டியெடுக்கும் ஒவ்வொரு தொன் கரிக்கும் 5 சதம் தொழிலாளர் நலநிதிக்குச் செலுத்தப்படலாயிற்று. 1952 இல் அது 40 சதமாக உயர்ந்தது. இளைப்பாற்றுச் சம்பளமும் மருத்துவ வசதியும் இந்நிதியினின்றே கிடைத்தன. 1956 இல் அப்பலாச்சிய மலைநாட்டிற் பத்து மருத்துவமனைகள் திறக்கப்பட்டன. இவை பெருஞ் சாதனைகளே, மறுப்பதற்கில்லை.

ஆயின் நிதியின் வருவாய் ஆளைப் பொறுத்ததன்று, தொன்னைப் பொறுத்தது என்பதை ஊன்றி நோக்குதல் வேண்டும். தொழிலாளர் தொகை அரைவாசியாகக் குறையினும், இயந்திரங்கள் அதே அளவு கரியை வெட்டுமாயின் நிதி குறையாது. எனவே இயந்திரமயமாக்க வல்ல பெருங் கம்பனிகளின் நலனும் சங்கத் தலைமையின் நலனும் ஒன்றாயின. 1950 இல் 4 இலட்சத்துக்கு மேலிருந்த சுரங்கத் தொழிலாளர், இருபதாண்டுகளில் ஒன்றரை இலட்சத்துக்குங் கீழாயினர். இக்காலத்திற் சங்கம் சைறஸ் ஈற்றன் என்னும் செல்வர் வாயிலாக மேற்குக் கென்ரக்கி நிலக்கரிக் கம்பனியில் மறைமுகமாகப் பணம் முடக்கியது. கூலிக்காக வாதாடவேண்டியவரே கூலி கொடுப்போனுக்குக் கடன் கொடுத்தவராயினர். ஒரு தொகுதி முதலாளிகளோடு கூடி ஏனைய முதலாளிகள்மீது கூலி விகிதத்தைச் சுமத்தச் சங்கம் உடன்படின், அதற்குச் சட்டப் பாதுகாப்பு இல்லையென உயர் நீதிமன்றம் 1965 இல் பெனிங்ரன் வழக்கில் விதித்தது. 1970 இலோ, சிறு கம்பனியொன்றை ஒழிக்கச் சங்கமும் கொன்சொலிடேசன் நிலக்கரிக் கம்பனியும் சதி செய்தனவென்ற தீர்ப்பை மேன்முறையீட்டு மன்றம் உறுதிப்படுத்தியது.

நிதியின் கதை இதனினுங் கொடியது. சங்கத்தின் பிரதிநிதி, முதலாளிகளின் பிரதிநிதி, நடுநிலையாளர் என மூவர் அதன் நம்பிக்கைப் பொறுப்பாளர். லூயிஸ் சாகும்வரை அப்பதவியை விட்டாரல்லர். வாஷிங்டன் தேசிய வங்கியின் பெரும்பங்கு சங்கத்துக்கே உரியது. அவ்வங்கியிலே பல கோடி டொலர் நிதிப்பணம், வட்டியில்லா நடைமுறைக் கணக்கில் ஆண்டாண்டாய்க் கிடந்தது. பயன் வங்கிக்கு, வங்கியின் இலாபம் சங்கத்துக்கு. முதலாளிகளின் பிரதிநிதி தடுத்தாரல்லர். அதே காலத்தில், கம்பனி தன் பங்கைச் செலுத்தத் தவறிய குற்றத்துக்காகத் தொழிலாளரின் மருத்துவ அட்டைகள் பறிக்கப்பட்டன. மருத்துவமனைகளும் கைமாறின. பிறரெவரும் இலஞ்சம் என்று பெயரிடத் தயங்குவர். கணக்கேடுகளோ ஒளிவின்றி அனைத்தையுங் காட்டின.

இவற்றை ஆராய முன்வந்தவர் அதிகாரிகளல்லர். 1968 நவம்பரில் பார்மிங்ரன் சுரங்க வெடிப்பில் 78 பேர் மாண்டபோது, அங்கு சென்ற சங்கத் தலைவர் டபிள்யூ. ஏ. பொயில் கம்பனியைப் புகழ்ந்து பேசினார். அடுத்த ஆண்டு ஜோசப் யப்லொன்ஸ்கி அவரை எதிர்த்துத் தேர்தலில் நின்றார். முறைகேடுகளை விசாரிக்குமாறு அவர் வேண்டியும், தேர்தல் முடியுமுன் தலையிடத் தொழில் திணைக்களம் மறுத்தது. அதே யூனில், நடுநிலையாளரான ஜோசபின் றோச் அம்மையார் மருத்துவமனையிலிருக்க, பொயில் முதலாளிகளின் புதிய பிரதிநிதியின் உடன்பாட்டுடன் இளைப்பாற்றுச் சம்பளத்தை 115 டொலரினின்று 150 டொலராக உயர்த்தினார். இளைப்பாறியோர்க்கும் வாக்குண்டு என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. பொயில் வென்றார். மூன்று கிழமைகளின் பின், 1969 டிசம்பர் 31 ஆந் திகதி, யப்லொன்ஸ்கியும் மனைவியும் மகளும் தம் இல்லத்திற் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொலைஞர்க்குக் கொடுத்த 20,000 டொலரும் சங்கப் பணம். இளைப்பாறிய தொழிலாளர் பெயரிற் பொய்க்கணக்கெழுதிப் பெறப்பட்டது.

யப்லொன்ஸ்கி உயிரோடிருந்தபோதே, 1969 ஓகஸ்டில், ஊனமுற்ற தொழிலாளரும் விதவைகளும் பிளாங்கன்ஷிப் எதிர் பொயில் என்னும் வழக்கைத் தொடுத்திருந்தனர். 1971 ஏப்பிரலில் நீதிபதி ஜேர்ஹாட் கெசெல் பொயிலையும் றோச் அம்மையாரையும் பொறுப்பினின்று விலக்கி, அவ்வங்கியுடனான கணக்கை முடிக்கவும் பணித்தார். 1972 மே மாதத்தில் பழைய தேர்தல் செல்லாதாக்கப்பட்டது. டிசம்பரில் ஆர்னல்ட் மில்லர் வென்றார். பொயில் 1974 இற் கொலைக் குற்றவாளியாகக் காணப்பட்டு, மறுவிசாரணையின் பின் 1978 இலும் அவ்வாறே காணப்பட்டு, 1985 இற் சிறைவாசியாகவே இறந்தார்.

முதலாளிகளும் சங்கத் தலைவரும் அறைக்குள் முடித்துவந்த கூலி உடன்படிக்கையை ஏற்பதா மறுப்பதா என உறுப்பினர் அனைவரும் வாக்களித்தது 1974 டிசம்பரிலேயே முதன்முறையாகும்.