சிங்கார வேலனே தேவா: ஒரு பாடலும் அதைப் பற்றிய விவாதங்களும்

'சிங்கார வேலனே தேவா' 1962-ஆம் ஆண்டு வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' திரைப்படத்தில் இடம்பெற்ற பாடல். எஸ். ஜானகி பாடினார். காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரம் வாசித்தார். எஸ். எம். சுப்பையா நாயுடு இசையமைத்தார். பாடலை எழுதியவர் கு. மா. பாலசுப்பிரமணியம். ஆறு தலைமுறைப் பாடகர்கள் வந்து போனாலும் மறக்கப்படாத பாடல் என்று ரசிகர்கள் மிகைப்படுத்திச் சொல்வதுண்டு. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்கப்பட்டு வருகிறது என்பது மட்டும் மிகையல்ல. இப்பாடல் குறித்து மூன்று கேள்விகள் ரசிகர்களிடையே நெடுங்காலமாகப் பேசப்படுகின்றன. பாட்டு யாருடையது, பாடியவருடையதா வாசித்தவருடையதா என்பது முதல் கேள்வி. அதன் ராகம் ஆபேரியா, கர்நாடக தேவகாந்தாரியா என்பது இரண்டாவது. இப்பாடலால் அருணாசலத்தின் பெயர் உயர்ந்ததா, சுருங்கியதா என்பது மூன்றாவது.

தாமிரபரணிக் கரையும் பாட்டு விவாதமும்

பாட்டை வைத்து வாதிடுவது தாமிரபரணிப் பள்ளத்தாக்குக்குப் புதிதல்ல. பொதிகை மலையடிவாரத்தில், பாபநாசத்தை ஒட்டி இருக்கும் விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர் சிவஞான முனிவர். பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர் கம்பராமாயணத்தின் முதற்செய்யுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு எழக்கூடிய ஐயங்களையும் அவற்றுக்கான விடைகளையும் 'கம்பராமாயண முதற்செய்யுட் சங்கோத்தர விருத்தி' என்ற தனி நூலாக எழுதினார். ஒரே செய்யுள் ஒரு நூலுக்குப் போதிய விவாதப் பொருளாயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரின் வீட்டு முற்றத்தில் கூடிய 'வட்டத்தொட்டி' இந்த மரபின் வேறொரு வடிவம். அங்கே கம்பனின் பாடல்கள் வாய்விட்டுப் படிக்கப்பட்டன. எது கம்பன் பாட்டு, எது இடைச்செருகல் என்று கேட்பவர்களின் காதும் சேர்ந்து தீர்மானித்தது. புலவர்கள் நடத்திய விவாதமும் ரசிகர்கள் நடத்திய விவாதமும் ஏற்கெனவே நிலைத்திருந்த பகுதியில்தான், திரைப்பாடல் ஒன்றைப் பற்றிய விவாதமும் பின்னர் எழுந்தது. இம்முறை டீக்கடை பெஞ்சும் கோயில் கொடை மேடையும் அதன் இடங்களாயின.

காருகுறிச்சி அருணாசலம்

காருகுறிச்சி, திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் செல்லும் ரயில் பாதையில் சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் இடையே உள்ள ஊர். கன்னடியன் கால்வாய்ப் பாசனமும் மண்பாண்டத் தொழிலும் அதன் அடையாளங்கள். விக்கிரமசிங்கபுரத்துக்குக் கீழே, அதே ஆற்றுப் பள்ளத்தாக்கில் அமைந்தது. அருணாசலம் இவ்வூரில் 1921-இல் பிறந்தார்.

அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையிடம் சீடராகச் சேர்ந்த நிகழ்வு. தஞ்சைப் பகுதியின் நாதஸ்வர மரபு அதுவரை திருநெல்வேலிச் சீமைக்காரர் ஒருவருக்கு இத்தனை நெருக்கமாகக் கிடைத்ததில்லை என்பது ரசிகர்களின் கருத்து. குருவுடன் பல கச்சேரிகளில் உடன் வாசித்த அருணாசலம், பின்னர் தனிக்குழு அமைத்துத் தென்னாடெங்கும் புகழ்பெற்றார். கோவில்பட்டியில் குடியேறி அங்கேயே வாழ்ந்தார்.

குருவிடமிருந்து அவருக்குக் கிடைத்தவற்றுள் வாத்தியமும் ஒன்று. முற்காலத்தில் பெரும்பாலும் வழங்கியது திமிரி நாதஸ்வரம். அது குட்டையானது, உயர்ந்த சுருதி கொண்டது. கோயில் வீதியில் தொலைவுக்குக் கேட்கும். ராஜரத்தினம் பிள்ளை நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாதஸ்வரத்தைப் பரவலாக்கினார். நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி அதைச் செய்து கொடுத்தார். பாரியின் நாதம் கனமும் மென்மையும் உடையது. அரங்குக்கும் ஒலிவாங்கிக்கும் ஏற்றது. ஒரு பெண் குரலோடு நாதஸ்வரம் இணைந்து ஒலிக்க முடியும் என்ற எண்ணமே இந்த மாற்றத்துக்குப் பிறகுதான் எளிதாயிற்று எனலாம்.

பாடல் உருவான விதம்

'கொஞ்சும் சலங்கை' படத்தை எம். வி. ராமன் இயக்கினார். ஜெமினி கணேசனும் சாவித்திரியும் நடித்தனர். படத்தில் நாயகி பாடுகிறாள். நாயகன் நாதஸ்வரம் வாசிக்கிறான். இசையமைப்பாளர் சுப்பையா நாயுடுவும் திருநெல்வேலி மாவட்டத்தவரே. கடையநல்லூரில் பிறந்தவர். 'மலைக்கள்ளன்' போன்ற படங்களால் அறியப்பட்டவர். எம். எஸ். விஸ்வநாதன் தொடக்க காலத்தில் இவரிடம் உதவியாளராக இருந்தார்.

நாதஸ்வரத்துக்கு ஈடுகொடுத்துப் பாடக்கூடிய குரல் தேவைப்பட்டது. முன்னணிப் பாடகியான பி. லீலாவே ஜானகியின் பெயரைச் சொன்னார் என்று கூறப்படுவதுண்டு. ஆந்திரத்தின் குண்டூர் மாவட்டத்தில் 1938-இல் பிறந்த ஜானகி, 1957-இல் 'விதியின் விளையாட்டு' என்ற தமிழ்ப் படத்தின் மூலம் பின்னணி பாடத் தொடங்கியவர். அவருக்கு இசையின் அடிப்படையைச் சொல்லிக்கொடுத்தவர் பைடிசாமி என்ற நாதஸ்வர வித்வான். இந்தச் செய்தி விவாதங்களில் அதிகம் எடுத்துச் சொல்லப்படுவதில்லை. ஆனால் அவருடைய குரல் நாதஸ்வரத்தின் பிருகாக்களை எப்படித் தொடர்ந்து ஓடியது என்று வியப்பவர்கள் நினைவில் கொள்ளவேண்டிய செய்தி இது.

பாட்டின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. நாயகி பாடத் தொடங்கி நிறுத்துகிறாள். நாயகன் தொடர்ந்து பாடும்படி வேண்டுகிறான். வசனத்துக்குப் பிறகு பாட்டு நாதஸ்வரத்தோடு மீண்டும் தொடங்குகிறது. முதலில் குரல் ஓர் அடியைப் பாட, நாதஸ்வரம் அதை நிரப்புகிறது. பிறகு இருவரும் ஸ்வரங்களை மாறி மாறிக் கொடுத்து வாங்குகிறார்கள். முடிவில் இரண்டும் ஒன்றாகச் சேர்கின்றன. குரல் ஸ்வரங்களின் பெயரைச் சொல்லிப் பாடுகிறது. நாதஸ்வரத்தால் பெயர் சொல்ல இயலாது, ஒலியை மட்டுமே தர முடியும். இசைப் பயிற்சி இல்லாதவர்கூட, இன்ன ஸ்வரத்துக்கு இன்ன ஒலி என்று தன்னையறியாமல் ஒப்பிட்டுக் கேட்க இது வழிசெய்தது. பாமரர்களும் இப்பாட்டைப் பற்றி வாதிடத் துணிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கேட்ட விதம்

அகில இந்திய வானொலி 1950-களில் திரைப்பாடல்களைக் குறைத்துக்கொண்டபோது தமிழ்நாட்டுக் கேட்பவர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். தென்கோடி மாவட்டங்களில் அது தெளிவாகக் கேட்டது. திருநெல்வேலியில் வானொலி நிலையம் 1963 டிசம்பரில்தான் தொடங்கியது. வீட்டில் வானொலிப் பெட்டி இல்லாதவர்கள் பலர். அவர்களுக்குத் திருமண வீட்டு, கோயில் கொடை ஒலிபெருக்கிகளே வானொலி. முருகன் பாட்டு என்பதால் விழாக்களில் போடத் தடையில்லை. காதல் காட்சிக்கு உரிய பாட்டு என்பதால் இளைஞர்களுக்கும் பிடித்தது. நாதஸ்வரம் இருப்பதால் கல்யாண வீட்டுக்கும் பொருந்தியது. பாபநாசம் நூற்பாலையை நம்பி வளர்ந்த விக்கிரமசிங்கபுரம் போன்ற ஊர்களில் சபா கிடையாது. சபா வாசல் பார்க்காதவர்கள் ஒரு ராகத்தை முழுமையாகக் கேட்டது இத்தகைய பாடல்களில்தான்.

முதல் விவாதம்: பாட்டு யாருடையது?

திரையில் தெரிபவர்கள் சாவித்திரியும் ஜெமினியும். திரைப்பாடலைப் பாடகரின் பெயரால் குறிப்பதே வழக்கம். அதன்படி இது ஜானகி பாட்டு. திருநெல்வேலி, கோவில்பட்டிப் பக்கத்திலோ இதைக் 'காருகுறிச்சி பாட்டு' என்று சொல்பவர்கள் உண்டு.

ஜானகியின் பக்கம் பேசுபவர்கள் சொல்வது இது: நாதஸ்வரம் பிறந்ததே பிருகாவுக்கு, மனிதக் குரல் அந்த வேகத்துக்கு ஏறி நிற்பதுதான் அரிது. அருணாசலத்தின் பக்கம் பேசுபவர்களின் வாதம் வேறு: நாதஸ்வரத்தில் விரல் துளைகள் ஏழு மட்டுமே. நுட்பமான அசைவுகளையெல்லாம் மூச்சாலும் சீவாளியின்மேல் உதடு தரும் அழுத்தத்தாலும் வரவழைக்க வேண்டும். வீதியை நிறைக்கும் வாத்தியத்தை ஒரு பெண் குரலுக்கு அடங்கி, அதை மூழ்கடிக்காமல் வாசிப்பதுதான் அரிது.

இரண்டு வாதங்களும் உண்மையே. ஆனால் பாட்டின் அமைப்பு ஒருவரைப் பிரித்தெடுக்க இடம் தருவதில்லை. மேடைகளில் நாதஸ்வரம் இல்லாமல் பாடும்போதும், நாதஸ்வரத்தில் மட்டும் வாசிக்கும்போதும் விடுபட்ட பாதியைக் கேட்பவரின் நினைவே நிரப்பிக்கொள்கிறது.

இரண்டாம் விவாதம்: ராகம்

பாடல் ஆபேரி ராகம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. மரபை வலியுறுத்துவோர் இதை மறுப்பர். அவர்கள் காட்டும் ஆதாரம் எட்டயபுரத்தில் இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் மறைந்த ஊர் அது. அவர் வழியில் வந்த சுப்பராம தீட்சிதர் 1904-இல் அங்கிருந்து வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யின்படி, தீட்சிதரின் ஆபேரி சுத்த தைவதம் கொண்டது. இன்று ஆபேரி என்று வழங்குவது சதுஸ்ருதி தைவதம் கொண்டது. தியாகராஜரின் 'நகுமோமு' கீர்த்தனை இந்த வடிவில் பரவியதில் முசிரி சுப்பிரமணிய ஐயருக்குப் பெரும் பங்கு உண்டு. சதுஸ்ருதி தைவதத்தோடு வரும் இந்த ராகத்தைக் கர்நாடக தேவகாந்தாரி என்று அழைப்பதே முறை என்பது மரபாளர் கருத்து. இந்துஸ்தானி இசையின் பீம்பளாசியும் இதற்கு நெருங்கியது.

ஆபேரி எது என்ற கேள்வி வித்வான்களுக்குள் அடங்கியிருந்த ஒன்று. இப்பாட்டு அதைப் பொதுமக்களிடம் கொண்டுவந்தது. எட்டயபுரமும் அருணாசலம் வாழ்ந்த கோவில்பட்டியும் அருகருகே உள்ள ஊர்கள். ராகத்தின் பழைய இலக்கணம் அச்சேறிய இடமும், அதன் புதிய வடிவத்தைப் புகழ்பெறச் செய்த கலைஞர் வாழ்ந்த இடமும் ஒரே வட்டாரமாக அமைந்தன.

மூன்றாம் விவாதம்: லாபமா நஷ்டமா?

நாதஸ்வரக் கலைஞருக்குத் திரைப்படம் புதிதல்ல. ராஜரத்தினம் பிள்ளையே 1940-இல் 'காளமேகம்' படத்தில் நடித்திருக்கிறார். ஆனால் அவருடைய புகழ் தோடி ராகத்தின் மேல் நின்றது, படத்தின் மேல் அல்ல. சீடரின் நிலை மாறியது. 'கொஞ்சும் சலங்கை' வெளியாகி இரண்டரை ஆண்டு முடிவதற்குள், 1964 ஏப்ரலில், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே அருணாசலம் மறைந்தார். மணிக்கணக்கில் ராக ஆலாபனை செய்தவரைப் பெரும்பாலானோர் சில நிமிடப் பாட்டு ஒன்றால் மட்டுமே அறிந்தனர்.

இது அவருக்கு இழைக்கப்பட்ட குறை என்று கச்சேரி ரசிகர்கள் வருந்துவதுண்டு. அந்தப் பாட்டு இல்லாவிட்டால் அவர் பெயரே அடுத்த தலைமுறைக்குப் போயிருக்காது என்பது மறுதரப்பின் பதில். இரண்டாவது தரப்புக்கு வலு சேர்ப்பது பிற நாதஸ்வரக் கலைஞர்களின் கதி. அவர்களில் பலருடைய வாசிப்பு ஒலிப்பதிவு பெறாமலே காற்றோடு போயிற்று. அருணாசலத்தின் கச்சேரிப் பதிவுகளைத் தேடி வருபவர்களில் பலர் இப்பாட்டின் வழியாகவே வருகிறார்கள் என்பதையும் மறுக்க முடியாது.

பின்வந்த தாக்கம்

1968-இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' நாதஸ்வரத்தையே கதையின் நடுவில் வைத்தது. அதில் மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தனர். கே. வி. மகாதேவன் இசையில் பி. சுசீலா பாடிய 'நலந்தானா' பாடலும் குரலும் நாதஸ்வரமும் உரையாடும் பாடலே. இரண்டில் எது சிறந்தது என்ற ஒப்பீடு அன்றிலிருந்து தொடர்கிறது. முந்தையதில் இருவரும் சமமாகப் போட்டியிடுகிறார்கள். பிந்தையதில் பேச்சும் மறுமொழியுமாக உணர்ச்சி மேலோங்குகிறது. இவை வேறு வேறு நோக்கம் கொண்டவை என்பதால் தீர்ப்பு சொல்வது எளிதல்ல.

திருமண வீடுகளில் நாதஸ்வரக்காரர்களிடம் இன்றும் கேட்கப்படும் பாடல்களில் 'சிங்கார வேலனே' ஒன்று. முகூர்த்தம் முடிந்து கூட்டம் பந்திக்கு நகரும் நேரத்தில் அது ஒலிக்கும்போது, வாசிப்பவரைத் திரும்பிப் பார்க்கச் செய்யும்.

மதிப்பீடு

காருகுறிச்சி அருணாசலத்துக்குக் கோவில்பட்டியில் சிலை உண்டு. அவருடைய நூற்றாண்டு 2021-இல் வந்தது. ஜானகி பல மொழிகளில் ஆயிரக்கணக்கான பாடல்களைப் பாடினார். அவருடைய திறமைக்குச் சான்று கேட்டால் முதலில் சொல்லப்படும் பாடல்களுள் இதுவும் ஒன்று. பாட்டு யாருடையது என்ற விவாதம் முடியவில்லை. ஆனால் அதனால் விளைந்த நன்மை தெளிவானது. திரைக்குப் பின்னால் இருந்த வாத்தியக் கலைஞர் ஒருவரின் பெயரையும் ஊரையும் கேட்பவர்கள் பாடகியின் பெயரோடு சேர்த்தே சொல்லப் பழகினார்கள். தமிழ்த் திரையிசையில் அந்த இடம் கிடைத்த வாத்தியக் கலைஞர்கள் மிகச் சிலரே.